லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு வைஃபை வாங்கப் போகிறீர்களா?

போன ஜூன் மாதம், சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை. ஆரியங்காவிலிருந்து ஒரு அக்கா பஸ் பிடித்து மலை இறங்கி, புளியரை வழியாகச் செங்கோட்டையில் இருக்கும் என் கடைக்கு வந்தார். இடுப்பில் யூரியா சாக்கில் சுற்றிய சிபியு. நனையக் கூடாதென்று சாக்குக்குள் ஒரு பாலிதீன் பை வேறு.

“அண்ணாச்சி, இதுல நெட்டே வரமாட்டேங்குது. இதோட மூணாவது டாங்கிள்” என்று மேசைமேல் மூன்றையும் வரிசையாக வைத்தார். மூன்றும் யுஎஸ்பி துளையில் செருகும் வைஃபை டாங்கிள்கள், கட்டைவிரல் நகம் அளவு. இரண்டின் அட்டைப்பெட்டியில் ‘லினக்ஸிலும் இயங்கும்’ என்று போட்டிருந்தது.

மகள் பத்தாம் வகுப்பு. மலைக்கு அந்தப் பக்கம் அரசுப் பள்ளிகளில் ஐடி பாடம் லினக்ஸில்தான் நடக்கிறது. அதற்கென்று கேரள அரசின் ‘கைட்’ நிறுவனம் உபுண்டுவை வைத்துத் தனியாக ஒரு லினக்ஸே தயாரித்துக் கொடுக்கிறது. பள்ளியில் படிப்பதையே வீட்டிலும் போட்டுப் பார்க்கட்டும் என்று அக்கா ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கி, அதில் அந்த லினக்ஸையும் ஏற்றிவிட்டார். வைஃபை மட்டும் வரவில்லை. மூன்று டாங்கிளுக்கும் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தேன். அந்தக் காசுக்கு நல்ல கார்டு ஒன்றே வாங்கியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது கம்பெனிப் பெயர், வேகம், விலை. லினக்ஸ் ஆட்கள் அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: உள்ளே என்ன சிப்? டாங்கிள் செய்து விற்கும் கம்பெனிகள் நூறு இருக்கலாம். உள்ளே இருக்கும் சிப்பைச் செய்பவர்கள் ஒரு கை விரலுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள்: இன்டெல், மீடியாடெக், ரியல்டெக், குவால்காம் ஏதெராஸ், பிராட்காம். லினக்ஸுக்குத் தெரிவது சிப் மட்டும்தான். மேலே ஒட்டியிருக்கும் பெயர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அடுத்த கேள்வி, அந்த சிப்பை இயக்கும் புரோகிராமான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கிறதா என்பது. விண்டோஸ் பழக்கத்தில் சாமான் வாங்கினால் கூடவே டிரைவர் சிடி வரும் என்று நினைப்போம். லினக்ஸில் டிரைவர்கள் கர்னலோடு சேர்ந்தே வருகின்றன. உள்ளே இருந்தால் செருகியதும் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். உள்ளே இல்லையென்றால் யாரோ ஒருவர் இணையத்தில் வைத்திருக்கும் டிரைவரை இறக்கி, நம் கணினியிலேயே கம்பைல் செய்து, அதாவது மூல நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றி, ஏற்ற வேண்டும். அட்டைப்பெட்டியில் ‘லினக்ஸிலும் இயங்கும்’ என்று போடுகிறார்களே, பல நேரம் அது இந்த இரண்டாவது வகை. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீட்டுக்கு அது ஆகாது.

ஏன் ஆகாது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தென்மலைப் பக்கம் ஒரு மரக்கடைக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். அவர் வாங்கி வைத்திருந்த டாங்கிளுக்குக் கர்னலில் டிரைவர் இல்லை. சரி, நாமே கம்பைல் செய்து ஏற்றிவிடலாம் என்று ஏற்றினேன். டிகேஎம்எஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, கர்னல் புதிதாக வரும்போதெல்லாம் டிரைவரையும் தானாகவே மறுபடி கம்பைல் செய்துவிடும். மூன்று மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. புதுக் கர்னலில் உள்வேலைகள் மாறியிருந்ததால் பழைய டிரைவர் கம்பைல் ஆகவில்லை. காலையில் ஆன் செய்தால் வைஃபை என்ற பெயரே மெனுவில் இல்லை. வாசலில் ரப்பர் மரம் ஏற்றிய லாரி நிற்கிறது, இ-வே பில் போட வேண்டும். “அண்ணாச்சி, நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்” என்று போன். நான் அன்றைக்குத் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன்.

அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது அவருடைய செல்போன்தான். போனை சார்ஜர் வயரால் கணினியில் செருகி, செட்டிங்ஸில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை ஆன் செய்யச் சொன்னேன். ஆண்ட்ராய்டு போன் என்றால் பெரும்பாலும் லினக்ஸ் அதை வயர் நெட்வொர்க்காகவே எடுத்துக்கொள்ளும், எந்த டிரைவரும் கேட்காது. இதை மறக்காதீர்கள். புதிதாக லினக்ஸ் ஏற்றி வைஃபை வராமல் முழிக்கும்போது, தேவையான ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஏறி ஓடும் சின்ன மென்பொருள்) இறக்கவும் இதே வழிதான்.

அதற்கப்புறம் நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு ஒன்றுதான். டிரைவரை வெளியிலிருந்து ஏற்ற வேண்டிய எந்தச் சாமானையும் யாருக்கும் வாங்கிக் கொடுப்பதில்லை. நான் ஊரில் இல்லாத நாளிலும் அவர்கள் கணினியில் நெட் வர வேண்டும். பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அமைப்பு) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஆன் ஆகியிருந்தால் வெளி டிரைவருக்கு இன்னொரு தலைவலியும் உண்டு: கையெழுத்து இல்லாத டிரைவர் என்று கர்னல் அதை உள்ளே விடாது. அதற்குச் சாவி உருவாக்கிப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக்காக வரும் நீல நிறத் திரையைப் பார்த்துப் பயந்து கணினியையே அணைத்துவிட்டவர்கள் உண்டு.

சரி, கையில் இருக்கும் சாமானில் என்ன சிப் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டாங்கிளைச் செருகிவிட்டு, கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஐந்து எழுத்தும் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. ஒவ்வொரு வரியிலும் நான்கு இலக்கம், ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு இலக்கம் என்று ஒரு எண் வரும், இலக்கங்களுக்கு நடுவே ஆங்கில எழுத்தும் இருக்கலாம். முன்பாதி கம்பெனியின் எண், பின்பாதி சாமானின் எண். உள்ளே பொருத்தும் கார்டுக்கு ‘எல்எஸ்பிசிஐ’ அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு சேர்த்து ‘என்என்கே’ என்று அடியுங்கள். இன்டெல் ஏஎக்ஸ்200 என்றால் 8086:2723 என்றும், ஏஎக்ஸ்210 என்றால் 8086:2725 என்றும் வரும். கீழேயே எந்த டிரைவர் அதைப் பிடித்திருக்கிறது என்றும் காட்டும். டிரைவர் வரியே இல்லையென்றால் யாரும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த எண்ணைத் தேடினால் சிப் பெயர் கிடைத்துவிடும்.

வாங்குவதற்கு முன்னால் என்றால் மாடல் பெயர் மட்டும் போதாது, வெர்ஷனும் வேண்டும். டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் இதற்குப் பேர்போன உதாரணம். முதல் வெர்ஷனில் ஏதெராஸ் ஏஆர்9271 சிப் இருந்தது, லினக்ஸ்காரர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். இரண்டாம் வெர்ஷனிலிருந்து உள்ளே ரியல்டெக் சிப். பெயர், பெட்டி, ஆன்டெனா எல்லாம் அதேதான். பின்பக்க ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருக்கும் வெர்ஷன் எண் ஒன்றுதான் வித்தியாசம். பழைய பதிவில் ‘இது லினக்ஸில் பிரமாதம்’ என்று படித்துவிட்டு வாங்கினால், படித்தது ஒரு சாமான், கைக்கு வந்தது வேறு சாமான் என்று ஆகிவிடும்.

அக்காவின் முதல் டாங்கிளைச் செருகியபோது அது வைஃபை சாமானாகவே தெரியவில்லை, ஒரு சின்ன டிஸ்க்காகத் தெரிந்தது. உள்ளே விண்டோஸ் டிரைவர் ஃபைல் ஒன்று. இப்படிப்பட்டவை முதலில் டிரைவர் டிஸ்க்காக வேஷம் போட்டுக்கொண்டுதான் வரும். ‘யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ என்ற புரோகிராம் அந்த வேஷத்தைக் கலைத்து வைஃபையாக மாற்ற வேண்டும். மாற்றினேன். மாறிய பின்னும் அந்தச் சிப்புக்குக் கர்னலில் டிரைவர் இல்லை. மற்ற இரண்டையும் பார்த்தால் இரண்டிலும் ஒரே சிப், சட்டைதான் வேறு. அதற்கு டிரைவர் உண்டு, ஆனால் கர்னல் 6.2 முதல்தான். அக்காவின் கணினியில் 5.15.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ‘லினக்ஸில் ஓடும்’ என்பது அரைப் பேச்சு. எந்தக் கர்னலிலிருந்து ஓடும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுப் பேச்சு. டெர்மினலில் ‘யுநேம்’ (யு-என்-ஏ-எம்-இ), ஓர் இடைவெளி, கழித்தல் குறியோடு ‘ஆர்’ அடித்தால் உங்கள் கர்னல் எண் வரும். உபுண்டு, மின்ட், டெபியன் எல்லாம் லினக்ஸ் வகைகள். உபுண்டு 22.04, மின்ட் 21 இரண்டும் 5.15 கர்னலோடு வந்தவை. டெபியன் 12 என்றால் 6.1. உபுண்டு 24.04, மின்ட் 22 இரண்டும் 6.8. இப்போது சிப் பக்கம் பாருங்கள். இன்டெல் ஏஎக்ஸ்200க்கு 5.1 போதும், ஏஎக்ஸ்210க்கு 5.10 வேண்டும். மீடியாடெக் எம்டி7610யு, எம்டி7612யு இரண்டும் 4.19லிருந்தே உள்ளே இருக்கின்றன. வைஃபை 6 தரும் எம்டி7921ஏயு 5.18லிருந்து. ரியல்டெக் யுஎஸ்பி சிப்புகளில் 8822பியு, 8821சியு இரண்டும் 6.2லிருந்து. ஆக 24.04 வைத்திருப்பவருக்கு இவை எல்லாமே சரி. 5.15 வைத்திருப்பவர் எம்டி7921ஏயு வாங்கினால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

உங்கள் டெஸ்க்டாப்பில், உள்ளே கார்டு பொருத்தும் பிசிஐஇ ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், கார்டு வாங்குங்கள். அதிலும் இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 வைத்த கார்டு. மதர்போர்டில் விரல் நீளம்கூட இல்லாத குட்டி ஸ்லாட் இருக்குமே, அதுவே போதும். டாங்கிள் போலக் கழன்று விழாது, சூடேறித் திணறாது, இரண்டு ஆன்டெனா பின்னால் நிமிர்ந்து நிற்கும். விலை டாங்கிளைவிடக் கூடத்தான், ஆனால் ஒரு முறை போட்டால் மறந்துவிடலாம்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. மதர்போர்டிலேயே எம்.2 வைஃபை ஸ்லாட் உள்ளவர்கள் தனியாகச் சின்ன வில்லை மட்டும் வாங்குவார்கள். அப்போது ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று 1இல் முடிவதை வாங்கிவிடாதீர்கள். 200க்கு அடுத்த மாடல், இன்னும் நல்லது என்று தோன்றும். உண்மையில் அது பாதி சாமான். மீதிப் பாதி இன்டெல்லின் குறிப்பிட்ட பிராசசர், சிப்செட்டுக்குள் இருக்கும். அதற்கு சிஎன்விஐ என்று பெயர். ஏஎம்டி மதர்போர்டிலோ பழைய இன்டெல் போர்டிலோ போட்டால் ‘எல்எஸ்பிசிஐ’யில்கூடத் தலைகாட்டாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 என்று 0இல் முடிவது முழு சாமான், ஏஎம்டி போர்டிலும் ஓடும்.

ஆபீஸ்களில் கழித்துவிட்ட ஒல்லி டெஸ்க்டாப்புகள் இப்போது நம் பக்கம் நிறைய வருகின்றன. அவற்றில் பின்பக்கத் தகரம் பாதி உயரம்தான். கார்டோடு குட்டைத் தகரமும் பெட்டியில் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் கார்டு உள்ளே உட்காரும், மூடி மூடாது.

ஸ்லாட் இல்லை, அல்லது திறந்து பார்க்கக் கை வரவில்லை என்றால் யுஎஸ்பி. எம்டி7612யு வைத்தது என் முதல் தேர்வு, கர்னல் புதிதென்றால் எம்டி7921ஏயு. மெதுவான இணைப்பு போதும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் போதும் என்பவருக்கு ஏஆர்9271 இன்னும் தங்கம்தான். அதன் ஃபர்ம்வேர்கூடத் திறந்த மூலம். நகம் அளவு டாங்கிளைத் தவிர்த்துவிடுங்கள். அதற்குள் நல்ல ஆன்டெனா வைக்க இடமே கிடையாது.

டாங்கிளை நேராக சிபியுவின் பின்னால் செருகாதீர்கள். தகரப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட டாங்கிளுக்கு எங்கிருந்து சிக்னல் வரும்? ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, டாங்கிளை மேசைமேல் ரவுட்டரைப் பார்த்து வையுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. யுஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் எழுப்பும். 2012லேயே இன்டெல் இதை அளந்து வெளியிட்டது. டாங்கிளைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எங்கள் தெருவிலேயே ஒரு வீடு. 1956 நவம்பரில் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முன்னால், திருவிதாங்கூர் காலத்தில் கட்டியது. செங்கல், சுண்ணாம்பு, ஒன்றரை அடிச் சுவர். ரவுட்டர் முன்கட்டில், கணினி இரண்டாம் கட்டில். 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் முற்றத்தைத் தாண்டியதுமே செத்துவிடும். 2.4 எப்படியோ ஊர்ந்து வரும், ஆனால் நடுவில் ஒரு இரும்பு பீரோ. எந்தக் கார்டு போட்டும் சரிவரவில்லை. கடைசியில் கார்டையே விட்டுவிட்டு, லேன் துளை உள்ள ஒரு சின்ன ரேஞ்ச் எக்ஸ்டெண்டரைக் கதவுக்குப் பக்கத்து பிளக்கில் மாட்டினேன். அங்கிருந்து கணினிக்கு இரண்டு மீட்டர் லேன் வயர். வைஃபையைப் பிடிப்பது எக்ஸ்டெண்டரின் வேலை. கணினிக்குத் தெரிந்தது வெறும் லேன். டிரைவர், சிப், கர்னல் எதுவுமே கேள்விக்கு வரவில்லை. வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரில் ‘கிளையன்ட் மோட்’ இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். எதுவும் பிடிபடாத பழைய கணினிக்கு நான் இப்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பெட்டியில் ஏசி1300 என்று இருந்தால் 2.4இல் 400, 5இல் 867, இரண்டையும் கூட்டிக் கிட்டத்தட்டப் போட்ட எண் அது. ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்காது, அறையைத் தாண்டினால் பாதிகூட வராது. வீட்டில் 50 எம்பிபிஎஸ் ஃபைபர் எடுத்தவருக்கு ஏசி600 தாராளம்.

முடிந்தால் வாங்கும் இடத்திலேயே சோதித்துப் பாருங்கள். நீங்கள் போடப்போகும் அதே லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே லைவாக பூட் செய்து, டாங்கிளைச் செருகுங்கள். வைஃபை பெயர்கள் வந்தால் வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் நாட்களுக்குள் இதைச் செய்துவிட வேண்டும். பழைய டெபியன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2023இல் வந்த டெபியன் 12 முதல்தான் வைஃபை ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வருகிறது. அதற்கு முந்தையதில் கார்டு நல்லதாகவே இருந்தாலும் ஃபர்ம்வேர் இல்லாமல் படுத்திருக்கும். எல்லாம் சரியாகி, கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மட்டும் இணைப்பு மந்தமானால், இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் ‘வைஃபை.பவர்சேவ்’ மதிப்பை 2 ஆக்குங்கள், வைஃபையின் மின் சேமிப்பு அணைந்துவிடும். டெஸ்க்டாப்பில் மின்சாரம் மிச்சம் பிடிக்க பேட்டரி ஒன்றும் இல்லையே.

அக்காவின் கணினியில் ஒரு குட்டி ஸ்லாட் காலியாக இருந்தது. ஏஎக்ஸ்200 கார்டு ஒன்றை வரவழைத்து, குட்டைத் தகரம் மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். டிரைவர் என்று ஒன்றும் ஏற்றவில்லை. ஆன் செய்ததும் என் கடை வைஃபை, பக்கத்து டீக்கடை வைஃபை எல்லாம் வந்து நின்றன. மூன்று டாங்கிளையும் அவர் திரும்ப எடுத்துப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து மகள் போன் செய்தாள். வைஃபை நன்றாக வருகிறது, ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் பிடிக்கவில்லை என்றாள். தப்பு என் மேல்தான். இந்தக் கார்டுகளில் வைஃபை ஸ்லாட் வழியாகப் போகும், ப்ளூடூத் யுஎஸ்பி வழியாகப் போகும். அதற்கென்று கார்டிலிருந்து ஒரு மெல்லிய வயரை மதர்போர்டின் யுஎஸ்பி முள்வரிசையில் செருக வேண்டும். அவசரத்தில் அதை விட்டிருந்தேன். கரண்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு மூடியைத் திறக்கச் சொன்னேன்.

“மாமா, ஐஞ்சு முள்ளு ஒரு வரிசை, நாலு முள்ளு ஒரு வரிசை. அதுதானே?”

“அதேதான். வயர்ல ஒரு ஓட்டை மட்டும் அடைச்சிருக்கும் பாரு. முள்ளு இல்லாத இடத்துக்கு நேரா அதை வச்சு அமுக்கு. வேற எப்படித் திருப்பினாலும் போகாது.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் ‘டக்’ என்று ஒரு ஓசை போனிலேயே கேட்டது.